உறவு முறை: மற்றவை

உம்மு ஸதஃப் நகராட்சிக் கட்டடம்,
மூன்றாம் மாடி, ஸ்கேனர் அறை.
எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள்
அமீரின் உறவினர்கள்.

பிளாஸ்டிக் உறைக்குள் வம்சாவளி.
கையில் ராஜாளியோடு நிற்கும் பெரியப்பா,
அவர் முழங்கைக்கு அப்பால்
படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட ஒரு தோள்.
அது அமீருடையதாம்.

பழைய கோட்டைக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.
உள்ளே நுழைந்ததும் சுவர் நிறைய
பித்தளையில் ஒரு மரம் வரப்போகிறது.
எல்லோருக்கும் கிளை வேண்டும்.
இலையானாலும் சரி.

நான் தட்டச்சு செய்கிறவன்.
விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்:
ஆளும் இல்லத்தோடு என்ன உறவு?
தந்தை வழி. தாய் வழி. மண வழி. பால் வழி.
(ஒரே மார்பில் குடித்தவர்களையும்
உறவென்று எண்ணும் ஊர். அது எனக்குப் பிடித்திருந்தது.)
கடைசியில், மற்றவை.
அதை அதுவரை ஒருவரும் தொட்டதில்லை.

ஷம்மா பின்த் மர்ஸூக் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்.
பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள்,
அபாயாவின் கைமடிப்பில் சாக்பீஸ் தூள்.
அவளுடைய கடைசிப் பெயர் அமீரின் பெயர்.
அதிகாரி கல்ஃபான் எழுந்து நாற்காலி போட்டார்.
காவா வந்தது. பேரீச்சம்பழம் வந்தது.

அவள் எடுத்து வைத்தது ஒற்றைத் தாள்,
முத்துக்குளித்த படகொன்றின் கணக்கு.
மூழ்கியவன் பெயர், பருவம், பங்கு, கடன்.
பதினோராம் வரியில் விரலை வைத்தாள்.
மர்ஜான். பங்கு: வீட்டுக்கு.
ஃபைரூஸ். பங்கு: வீட்டுக்கு.
யாகூத். வீட்டுக்கு.
அதற்குக் கீழே தாள் மடிந்திருந்தது.

பவளம், பேரோசா, மாணிக்கம்.
"விலை கொடுத்து வாங்கியவற்றுக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள்?"
மர்ஜான் அவள் அப்பாவின் அப்பா.
எந்தக் கரையில் பிடித்தார்கள் என்று தாளில் இல்லை.
எங்கே இறக்கினார்கள் என்பது
இந்த ஜன்னலிலிருந்தே தெரிகிறது,
படகுப் பந்தயத்துக்குக் கூடாரம் அடிக்கிற இடம்.

கல்ஃபான் தொண்டையைச் செருமினார்.
'பணியாளர்' என்று போடலாமே?
"பணியாளருக்குக் கூலி உண்டு."
'வளர்ப்பு' என்று?
"யாரை யார் வளர்த்தது?"
சகோதரி, நல்ல கிளையாகவே தரலாம்...
"கிளை வேண்டாம். பெயரையும் திருப்பித் தரப்போவதில்லை,
இருபத்திரண்டு பருவம் மூச்சடக்கி
அவர் அதற்கு விலை கொடுத்தார்.
எப்படி வந்தது என்று மட்டும் எழுதுங்கள்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

காயலுக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கும்
ஒரு பெயருண்டு: லாயத்தார்.
பாண்டியன் இந்தக் கடல்வழி இறக்கிய குதிரைகளுக்கு
நாங்கள்தான் அதிபதிகளாம்.
கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுவோம்,
சம்பந்தி வீடு அசந்துபோகும்.
அதிபதிகளாய் இருந்தோமோ, லத்தி வாரினோமோ,
எங்கள் முன்னால் யாரும்
ஏழாவது கட்டத்தை நீட்டியதில்லை.

மற்றவை. சுட்டி விட்டுவிட்டு மின்னியது.
'விலைக்கு' என்று அடித்தேன்.
அரபியிலும் அது சின்னச் சொல்தான்.

மேலே கேட்பார்கள் என்றார் கல்ஃபான்.
கேட்டார்கள்.
விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது, முத்திரையோடு.
மூன்று முறையும் அவள் வந்தாள், அதே தாளோடு.
இரண்டாம் முறை காவா இல்லை.

மூன்றாம் முறை அவள் போன பிறகு
கல்ஃபான் ஸ்கேனரின் மூடியைத் தூக்கினார்.
தாள் இன்னும் கண்ணாடிமேல் கிடந்தது.
அதன் மடிப்பை நகத்தால் மெல்ல நிமிர்த்தினார்.
பதினான்காம் வரி:
லூலூ. பங்கு: வீட்டுக்கு.

"இதையும் எடு" என்றார்.
"என் தாயின் தகப்பன்."

என்னை நகரச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார்.
ஏழாவது கட்டத்தை அவரே நிரப்பினார்,
ஒற்றை விரலால்,
எழுத்தைத் தேடித் தேடி.